லெவல் ஏறுவது வேறு, ஆட்டம் தேறுவது வேறு

ஆயிரக்கணக்கானோர் ஒரே உலகில் கூடி ஆடும் ஆன்லைன் ரோல்பிளேயிங் விளையாட்டுகளில், லெவல் என்பது நேரம் போகப் போகத் தானாகவே ஏறிவிடும். கதைப் பணியை முடித்தால் அனுபவப் புள்ளி கிடைக்கிறது, எதிரியை வீழ்த்தினால் கிடைக்கிறது, வரைபடத்தில் புதிய பகுதிக்குள் காலடி வைத்தாலே கொஞ்சம் கிடைக்கிறது. ஆட்டத்திறன் அப்படி ஏறுவதில்லை. ஐம்பதாவது லெவலைத் தாண்டிய பிறகும், தம் கையிலிருக்கும் ஸ்கில்களில், அதாவது பொத்தானை அழுத்திச் செய்யும் செயல்களில், பாதி எதற்காக இருக்கின்றன என்று அறியாமல் ஆடுபவர்களை நான் தொடர்ந்து சந்திக்கிறேன். அவர்கள் அக்கறையற்றவர்கள் அல்லர். விளையாட்டின் முற்பகுதி அவ்வளவு இலகுவாக அமைக்கப்பட்டிருப்பதால், எதைக் கற்கவில்லை என்பது அவர்களுக்குத் தெரியவரும் வாய்ப்பே அமைவதில்லை.

வேலை, வீடு, பிள்ளைகள் என்று எல்லாம் முடிந்தபின் வாரத்தில் சில மாலைகள் மட்டும் ஆடக் கிடைப்பவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். அவர்களுக்குப் பெரும்பாலும் சொல்லப்படும் அறிவுரை, 'இன்னும் நிறைய ஆடுங்கள்' என்பதாகவே இருக்கிறது. அது அவர்களால் செய்ய இயலாத காரியம். கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் கவனத்தை எங்கே செலுத்துவது என்று தெரிந்தால், குறைந்த நேரத்திலும் ஒருவர் நன்றாகத் தேறலாம் என்பது என் உறுதியான எண்ணம். பொதுவாகப் பேசுவதைவிட ஒரு விளையாட்டை எடுத்துக்கொண்டு பேசுவதே பயன் தரும். நான் தொடர்ந்து ஆடிவரும் ஃபைனல் ஃபேண்டஸி 14 என்பதையே எடுத்துக்கொள்கிறேன்.

இந்த விளையாட்டின் வரலாறே புதியவர்களுக்குச் சாதகமானது. 2010 செப்டம்பர் 30 அன்று ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனம் முதலில் வெளியிட்ட வடிவம் கடும் விமர்சனத்துக்கு உள்ளாயிற்று. நவோகி யோஷிதா தயாரிப்பாளராகவும் இயக்குநராகவும் பொறுப்பேற்றபின், 2012 நவம்பரில் பழைய சர்வர்களை மூடிவிட்டு, கிட்டத்தட்ட முழுவதையும் புதிதாகக் கட்டி, 2013 ஆகஸ்ட் 27 அன்று 'எ ரெல்ம் ரீபார்ன்' என்ற பெயரில் மீண்டும் வெளியிட்டார்கள். கைவிட்டுப் போனவர்களைத் திரும்ப அழைக்கவேண்டிய கட்டாயத்தில் பிறந்த விளையாட்டு என்பதால், வழிதெரியாமல் வந்து நிற்பவரைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லும் ஏற்பாடுகள் இதில் அதிகம். இலவசச் சோதனைப் பதிப்பு 2023 அக்டோபரிலிருந்து எழுபதாவது லெவல் வரை திறந்திருக்கிறது. அதற்குக் கால வரம்பு கிடையாது. கில் என்னும் விளையாட்டுப் பணத்தின் கையிருப்பு 3,00,000-க்கு மேல் போகாது, சந்தையில் வாங்க விற்க முடியாது, தானாக ஓர் அணியைத் தொடங்க முடியாது என்பன போன்ற கட்டுப்பாடுகள் உண்டு. ஆனால் ஆட்டத்தைக் கற்றுக்கொள்வதற்கு இவற்றுள் எதுவும் தடையாக இருப்பதில்லை. காசு கொடுத்து முழுப் பதிப்புக்கு மாறியபின் அதே கணக்கில் சோதனைப் பதிப்புக்குத் திரும்ப இயலாது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, அவசரப்படாமல் அதிலேயே நெடுநாள் ஆடலாம்.

முதலில் செய்யவேண்டியது, ஒரே ஒரு வேலையை, அதாவது உங்கள் கதாபாத்திரம் ஏற்கும் போர்ப் பொறுப்பை, தேர்ந்துகொண்டு அதில் நிலைத்திருப்பது. இந்த விளையாட்டில் ஒரே கதாபாத்திரம் எல்லா வேலைகளையும் செய்யலாம்; கையிலுள்ள ஆயுதத்தை மாற்றினால் போதும், வாள்வீரர் மந்திரவாதியாகிவிடுவார். இந்தச் சுதந்திரம் இனிமையானது என்றாலும், குறைந்த நேரம் ஆடுபவருக்கு இது ஒரு பொறியும்கூட. இன்று ஈட்டி, நாளை மந்திரக்கோல், அடுத்த வாரம் வில் என்று மாறிக்கொண்டே இருந்தால், கை எதற்கும் பழகுவதில்லை. ஒரு வேலையை முப்பதாவது லெவல் வரையாவது, இயன்றால் ஐம்பது வரை, பிடிவாதமாகக் கொண்டுபோகும்போதுதான் ஸ்கில்கள் ஒன்றோடொன்று எப்படிப் பின்னப்பட்டிருக்கின்றன என்பது புரியத் தொடங்கும். பிறகு வேறு வேலைக்கு மாறினாலும் அந்தப் புரிதல் கூடவே வரும்.

எந்த வேலை என்பதில், பிடித்ததையே எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் பதில். ஆனால் நேரம் குறைந்தவர்கள் ஒன்றைக் கணக்கில் கொள்ளவேண்டும். நால்வர் நுழையும் டன்ஜனுக்கு, அதாவது எதிரிகள் நிறைந்த தனிக் களத்துக்கு, அடிகளைத் தாங்கும் ஒரு டேங்க், காயம் ஆற்றும் ஒரு ஹீலர், இரண்டு தாக்குநர்கள் வேண்டும். தாக்குநர் வேலையை விரும்புபவர்களே மிகுதி என்பதால், அவர்கள் வரிசையில் காத்திருக்க நேர்கிறது. டேங்க்குக்கும் ஹீலருக்கும் அழைப்பு பெரும்பாலும் உடனே வந்துவிடும். ஒரு மாலையில் ஒரு மணி நேரமே கையிலிருப்பவருக்கு இது சிறிய விஷயம் அல்ல. டன்ஜனுக்கு 90 நிமிட வரம்பு உண்டு என்றாலும், வழக்கமாக இருபது நிமிடங்களை ஒட்டி முடிந்துவிடும்.

இனி, நான் மிகவும் முக்கியமாகக் கருதும் விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு புதிய ஸ்கில் கிடைக்கும்போதும் அதன் டூல்டிப்பை, அதாவது அதன்மேல் சுட்டியை வைத்தால் தோன்றும் விளக்கத்தை, நின்று முழுமையாகப் படியுங்கள். இரண்டு மூன்று வரிகள்தான் இருக்கும். அவற்றில் முதலில் பார்க்கவேண்டியது அந்த ஸ்கில் எந்த வகையைச் சேர்ந்தது என்பது. ஆயுதத்தால் அடிக்கும் வெப்பன்ஸ்கில், மந்திரமான ஸ்பெல் ஆகிய இரு வகைகளும் ஒரே பொதுக் கடிகாரத்தில் ஓடுகின்றன. ஒன்றை அழுத்தினால் அடுத்ததை அழுத்த அடிப்படையாக 2.5 விநாடி காத்திருக்கவேண்டும். இதைத்தான் ஆடுபவர்கள் ஜிசிடி என்கிறார்கள். எபிலிட்டி என்று குறிக்கப்பட்டவை அந்தக் கடிகாரத்துக்குக் கட்டுப்படாமல், தத்தமக்கென்று தனிக் கூல்டவுன், அதாவது மீண்டும் அழுத்தக் காத்திருக்கவேண்டிய நேரம், கொண்டவை. அவற்றை இரண்டு ஜிசிடிகளுக்கு இடையிலுள்ள இடைவெளியில் ஒன்றோ இரண்டோ செருகிக்கொள்ளலாம். மூன்றாவதைச் செருகினால் அடுத்த ஜிசிடி தள்ளிப்போகும். இந்த ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொண்டவருக்குத் திரையின் அடியில் நெருக்கியடித்து நிற்கும் பொத்தான்கள் அனைத்தும் இரண்டே குடும்பங்களாகப் பிரிந்து தெரியும்.

ஈட்டிவீரரான லான்சரை எடுத்துக்காட்டாகப் பார்ப்போம். முதல் லெவலிலேயே ட்ரூ த்ரஸ்ட் கிடைக்கிறது, நான்காவது லெவலில் வோர்பல் த்ரஸ்ட். இரண்டாவதன் விளக்கத்தில், ட்ரூ த்ரஸ்டுக்கு அடுத்து அழுத்தினால் இதன் வலிமை கூடும் என்று எழுதியிருக்கும். வரிசை தவறி அழுத்தினால் அந்தக் கூடுதல் வலிமை கிடைப்பதில்லை. அடுத்து அழுத்தவேண்டிய பொத்தானைச் சுற்றி ஓர் ஒளிக்கோடு ஓடி விளையாட்டே அதைச் சுட்டிக்காட்டவும் செய்கிறது. ஆறாவது லெவலில் லைஃப் சர்ஜ் வருகிறது. அது ஓர் எபிலிட்டி. அடுத்து வரும் வெப்பன்ஸ்கில்லை உறுதியாகக் கிரிட்டிக்கல் எனப்படும் கூடுதல் பலமுள்ள அடியாக மாற்றுவது அதன் பணி. இதைப் படித்தவர், பலம் குறைந்த ட்ரூ த்ரஸ்டுக்கு முன் அதை வீணாக்கமாட்டார். ட்ரூ த்ரஸ்டை அடித்து, லைஃப் சர்ஜைச் செருகி, அதன்பின் வோர்பல் த்ரஸ்டை அடிப்பார். இருபத்தாறாவது லெவலில் ஃபுல் த்ரஸ்ட் கிடைத்து, தொடரின் மூன்றாவது அடியாக அமைந்ததும், லைஃப் சர்ஜும் தானாகவே அதற்கு முன்னால் நகர்ந்துவிடும். யாரும் அட்டவணை போட்டுத் தரவேண்டியதில்லை. மூன்று விளக்கங்களைப் படித்தவருக்கே இது விளங்கிவிடும். இணையத்தில் கிடைக்கும் நீண்ட சுழற்சி அட்டவணைகளை மனப்பாடம் செய்வதைவிட, இப்படிக் காரணம் அறிந்து அமைத்துக்கொண்ட சிறிய வரிசை நெடுநாள் நினைவில் நிற்கும் என்பதை ஆடிப் பார்த்தே சொல்கிறேன்.

வரிசையைவிடவும் முக்கியமானது இடைவிடாமல் அழுத்துவது. கணக்குப் போட்டுப் பார்த்தால் இதன் பெறுமானம் தெரியும். 2.5 விநாடிக்கு ஓர் அடி என்றால் ஒரு நிமிடத்துக்கு 24 அடிகள். ஒவ்வோர் அடிக்குப் பின்னும் அடுத்தது என்ன என்று அரை விநாடி மட்டும் தயங்குகிறவர் 3 விநாடிக்கு ஓர் அடி அடிக்கிறார். அவருக்கு 20 அடிகளே கிடைக்கின்றன. ஆறில் ஒரு பங்கு போய்விட்டது. எந்தப் புதிய வாளும் எந்தப் புதிய கவசமும் அந்த லெவலில் இந்த அளவு வித்தியாசத்தைத் தந்துவிடாது. எனவே சரியான பொத்தானை யோசித்துக் கண்டுபிடிப்பதற்காக நின்றுவிடுவதைவிட, சற்றுக் குறைவான பொத்தானையாவது உடனே அழுத்திவிடுவது மேல். கச்சேரியில் தாளம் போடுபவர் பாட்டின் நுணுக்கம் பிடிபடாத இடத்திலும் கையை நிறுத்துவதில்லை அல்லவா, அதைப் போன்றது இது. ஜிசிடி முடிவதற்குச் சுமார் அரை விநாடி முன்பே அடுத்த பொத்தானை அழுத்தினாலும் விளையாட்டு அதை ஏற்று வரிசையில் வைத்துக்கொள்ளும் என்பதும் அறிந்துகொள்ளவேண்டியது. இணைப்புத் தாமதம் உள்ளவர்களுக்கு இந்த அரை விநாடி பெரிய துணை.

இதைப் பழக நகருக்கு வெளியே சில இடங்களில் அடிவாங்குவதற்கென்றே நிறுத்தப்பட்ட பயிற்சிப் பொம்மைகள் உண்டு. ஆடத் தொடங்கியதும் ஐந்து நிமிடம் அங்கே நின்று, திரையின் அடிப்பகுதியைப் பார்க்காமல், பொம்மையை மட்டும் பார்த்துக்கொண்டு அடித்துப் பாருங்கள். பொத்தான்களைக் கண்ணால் தேடவேண்டிய தேவை மறையும்வரை, போர்க்களத்தைப் பார்க்க உங்களிடம் கண்கள் மிஞ்சாது. அடிக்கடி அழுத்துபவை விரல் எளிதில் எட்டும் இடத்தில் இருக்கட்டும். கன்ட்ரோலரில் ஆடுபவர்களுக்கும் இந்த விளையாட்டின் அமைப்பு மிகச் சிறப்பாகவே இருக்கிறது. விசைப்பலகைதான் உயர்ந்தது என்ற பேச்சைப் பொருட்படுத்தவேண்டாம்.

களத்தைப் பார்ப்பதற்கு முன், ஒரு சிறிய அமைப்பு மாற்றம் செய்யவேண்டும். புதியவர்கள் பலரும் இதைத் தவறவிடுகிறார்கள் என்பதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. கேரக்டர் கான்ஃபிகரேஷன் பகுதியில் பேட்டில் எஃபெக்ட்ஸ் என்ற அமைப்பு இருக்கிறது. உங்கள் ஸ்கில்களின் ஒளியை முழுமையாகவும், அணியினருடையதைச் சுருக்கமாகவும், அணிக்கு வெளியே உள்ளவர்களுடையதைக் காட்டாமலும் வைத்துவிடுங்கள். இதைச் செய்யாமல் எட்டுப் பேர் சேர்ந்து ஒரு பாஸை, அதாவது பெரிய எதிரியை, அடிக்கும் களத்துக்குள் போனால், வானவேடிக்கைக்கு நடுவில் தரையில் என்ன விழுகிறது என்று எவராலும் பார்க்க இயலாது. தாம் மெதுவானவர் என்று எண்ணிக் கவலைப்படும் பலருக்கு உண்மையில் தேவைப்படுவது இந்த ஒரு மாற்றம்தான். எதிரியின் தாக்குதல் எவ்வளவு நெருங்கிவிட்டது என்று காட்டும் காஸ்ட் பாரையும் பெரிதாக்கி, கண்ணுக்கு நேரே வரும் இடத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

தரையில் செம்மஞ்சள் நிறத்தில் வட்டமோ விசிறியோ கோடோ தோன்றினால் அங்கே அடி விழப்போகிறது என்று பொருள். இது எல்லோருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது, அந்த அடி யாருக்கு என்று எப்போது முடிவாகிறது என்பது. நெருப்போ பாறையோ திரையில் வந்து விழும் கணத்தில் அது முடிவாவதில்லை. எதிரியின் காஸ்ட் முடிந்து, தரைக்குறி மறையும் கணத்தில் நீங்கள் எங்கே நின்றீர்கள் என்று சர்வர் எண்ணுகிறதோ அதுவே முடிவு. அதனால்தான் வெளியே வந்துவிட்டேன், ஆனாலும் அடி விழுந்தது என்று புதியவர்கள் திகைக்கிறார்கள். அதேபோல், குறி மறைந்துவிட்ட பிறகு வெடிப்பு இன்னும் திரையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே உள்ளே நடந்து செல்பவருக்கு ஒன்றும் ஆவதில்லை. அனுபவசாலிகள் தீக்குள் நடப்பதுபோல் தோன்றுவதன் காரணம் இதுதான். விளையாட்டுக்கு இந்தியாவிலோ இலங்கையிலோ சர்வர் இல்லை. ஜப்பான், வட அமெரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா ஆகிய இடங்களில் உள்ளவற்றோடுதான் நாம் இணையவேண்டியிருக்கிறது. கடல் கடந்து செய்தி போய்ச் சேரவேண்டும் என்பதால், குறியைக் கண்டவுடன் நகர்ந்துவிடும் பழக்கம் நமக்கு மற்றவர்களைவிட அதிகம் தேவை.

நடந்துகொண்டே அடிக்கலாமே, கடைசி ஓர் அடியை முடித்துவிட்டு நகரலாமே என்ற ஆசை எல்லோருக்கும் வரும். விழுந்தால் என்ன இழப்பு என்று தெரிந்துகொண்டால் அந்த ஆசை அடங்கும். ஹீலர் எழுப்பிவிட்டாலும், எழுந்தவர்மேல் வீக்னெஸ் என்னும் நிலை 100 விநாடி தங்கி, முக்கியப் பண்புகளை 25 விழுக்காடு குறைத்துவிடுகிறது. அந்த நேரத்துக்குள் மீண்டும் விழுந்தால் குறைவு 50 விழுக்காடாகிறது. ஓர் அடியைக் காப்பாற்ற நினைத்து ஒன்றரை நிமிடத்துக்கும் மேலான பலத்தை இழப்பது எந்தக் கணக்கிலும் சேராது. மந்திரவாதிகளுக்கு மட்டும் ஒரு சலுகை இருக்கிறது. அவர்களது காஸ்ட் முடியும் கடைசி அரை விநாடியளவில் நகரத் தொடங்கினாலும் மந்திரம் கெடாது. இதைப் பழகிய மந்திரவாதி பாதி இடங்களில் காஸ்ட்டை நிறுத்தாமலேயே தப்பிவிடுவார்.

இவற்றையெல்லாம் முதன்முதலில் சோதித்துப் பார்க்கும் இடம் பதினைந்தாவது லெவலில் திறக்கும் சஸ்தாஷா என்னும் கடற்குகை. கதையில் முதலாவதாக வரும் டன்ஜன் இது. இதைவிட நல்ல பள்ளிக்கூடத்தை எந்த விளையாட்டிலும் நான் கண்டதில்லை. குகையின் தொடக்கத்தில் இரத்தக் கறை படிந்த ஒரு குறிப்புத்தாள் கிடக்கும். அதில் ஒரு நிறம் குறிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு முறையும் அது மாறலாம். சற்று உள்ளே சிவப்பு, நீலம், பச்சை என மூன்று நிறங்களில் பவளத்திட்டுகள் நிற்கின்றன. குறிப்பில் சொன்ன நிறத்தைத் தொட்டால்தான் அடுத்த வழிக்கான போர் தொடங்கும். அனுபவமுள்ள மூவர் உடன் வந்தால் அவர்கள் ஓடிப்போய்த் தொட்டுவிடுவார்கள், புதியவர் அந்தத் தாளைப் பார்க்கக்கூட மாட்டார். கடைசியில் டென் என்னும் பாஸோடு மோதும்போது அறையின் ஓரங்களில் உள்ள கம்பிவலைகளில் நீர் கொப்பளிக்கும். கொப்பளிக்கும் வலையை யாராவது போய்த் தொட்டு அடைத்தால் அதிலிருந்து புதிய எதிரிகள் வரமாட்டார்கள். யார் வேண்டுமானாலும் இதைச் செய்யலாம். பாஸை அடிப்பதிலேயே மூழ்கியிருக்கும் நால்வரில் ஒருவர் தலையை உயர்த்திச் சுற்றிலும் பார்க்கும் வழக்கம் கொண்டவராக இருந்தால் அந்தப் போரின் போக்கே மாறிவிடுகிறது.

சஸ்தாஷாவுக்குள் போவதற்கு முன் ஹால் ஆஃப் தி நோவிஸ் என்னும் பயிற்சிக்கூடத்தை முடித்துவிடுங்கள். அதுவும் பதினைந்தாவது லெவலில்தான் திறக்கிறது. உங்கள் பொறுப்புக்கேற்ற பாடங்களைத் தனியாக ஆடவைத்து, முடிவில் அந்த லெவலுக்குப் போதுமான கவசங்களையும், முப்பதாவது லெவல் வரை அனுபவப் புள்ளியை 30 விழுக்காடு கூட்டித் தரும் ஒரு மோதிரத்தையும் கொடுக்கிறார்கள். மற்றவர்கள்முன் தடுமாறத் தயங்குபவர்கள், கதையோடு பிணைந்த டன்ஜன்களுக்கு டியூட்டி சப்போர்ட் வழியாகக் கணினி இயக்கும் துணைவர்களோடும் போகலாம். அவர்கள் மெதுவாக அடிப்பார்கள், ஆனால் ஆபத்து வரும்போது பெரும்பாலும் சரியான இடத்தில்தான் போய் நிற்பார்கள். பாஸ் கையை ஓங்கும்போது அவர்கள் எந்தப் பக்கம் ஓடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே ஆடுவது, எழுதிய வழிகாட்டியைப் படிப்பதைவிட நன்றாக மனத்தில் பதிகிறது.

டேங்க் வேலையை எடுத்தவர்கள் அஞ்சவேண்டியதில்லை. தம்மீது எதிரிகளின் கோபத்தைத் திருப்பும் ஸ்டான்ஸ் எரிந்துகொண்டிருக்கிறதா என்று டன்ஜனுக்குள் நுழைந்ததும் பார்த்துக்கொள்ளவேண்டும். வாள்வீரருக்கு அது பத்தாவது லெவலில் அயர்ன் வில் என்ற பெயரில் கிடைக்கிறது. பலரைச் சேர்த்து அடிக்கும் ஸ்கில்லை இரண்டு மூன்று முறை அடித்தால் எதிரிகள் அனைவரும் உங்கள் பக்கம் வந்துவிடுவார்கள். எதிரிகளின் பட்டியலில் ஒவ்வொரு பெயர் அருகிலும் உள்ள சிறு குறி சிவப்பாக இருந்தால் அவர் உங்களையே குறிவைக்கிறார் என்று பொருள். நிறம் வேறாக இருந்தால் அவர் வேறொருவரை அடித்துக்கொண்டிருக்கிறார். பாஸை மற்றவர்களுக்கு முதுகு காட்டும்படி திருப்பி நிறுத்தி, அங்கேயே அசையாமல் வைத்திருங்கள். ராம்பார்ட் போன்ற தற்காப்பு எபிலிட்டிகளை உயிர் குறைந்தபின் அழுத்துவது பயனற்றது. கூட்டமாக எதிரிகளை இழுத்துவந்து நிறுத்தியவுடனேயே, ஒவ்வொன்றாக, ஒன்று முடிந்தபின் மற்றொன்றாக அழுத்தவேண்டும்.

ஹீலர்களுக்கு நான் சொல்ல விரும்புவது சிலருக்கு வியப்பாக இருக்கும். ஒருவரின் உயிர் முழுமையாக இல்லை என்பதாலேயே அவருக்குச் சிகிச்சை தேவை என்று ஆகிவிடாது. அடுத்து வரும் அடியில் அவர் விழுந்துவிடுவாரா என்பதுதான் கேள்வி. விழமாட்டார் என்றால் அந்த ஜிசிடியைத் தாக்குதலுக்குச் செலவிடலாம். ஹீலர் வேலையான கான்ஜுரருக்கு ஸ்டோனும், 30 விநாடி மெல்ல மெல்ல அடிக்கும் ஏரோவும் தொடக்கத்திலேயே தரப்பட்டிருப்பது அதற்காகத்தான். எதிரி விரைவில் விழுந்தால் வாங்கும் அடியும் குறைகிறது. ஆனால் முதல் சில வாரங்களில் ஒரு ஹீலர் சிகிச்சையிலேயே கவனமாக இருந்தால் அதில் குறை காண எவருக்கும் உரிமை இல்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். உயிர்ப்பட்டைகள் எப்படி ஏறி இறங்குகின்றன என்ற கணிப்பு கைவந்தபின் தாக்குதலைச் சேர்த்துக்கொள்வதே இயல்பான முறை.

தாக்குநர்களுக்கு, மேலே சொன்னவற்றுக்கு அப்பால் ஒன்றே ஒன்று. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட எதிரிகள் ஒன்றாக நின்றால் ஒருவரை மட்டும் அடிக்கும் தொடரை விட்டுவிட்டு, பலரை அடிக்கும் ஸ்கில்லுக்கு மாறவேண்டும். இந்த மாற்றத்தைச் செய்யாமல் ஐம்பதாவது லெவல் வரை வருபவர்கள் மிகப் பலர்.

மற்ற மனிதர்களோடு ஆடுவதுதான் இவ்வகை விளையாட்டின் உயிர். ஆனால் பலரைத் தள்ளிவைப்பதும் அதுவே. என்னால் மற்றவர்கள் நேரம் வீணாகிறதே என்ற எண்ணம் நல்ல மனம் கொண்டவர்களைத்தான் அதிகம் வாட்டுகிறது. இந்த விளையாட்டு அதற்கு ஒரு விடையை அமைப்பிலேயே வைத்திருக்கிறது. புதியவரின் பெயர் அருகில் ஒரு பச்சை முளை நிற்கும். பார்த்தவுடனே எல்லோருக்கும் தெரியும். டன்ஜனை இதுவரை முடிக்காத ஒருவர் அணியில் இருந்தால் மற்றவர்களுக்குக் கூடுதல் வெகுமதி கிடைக்கும். மேலும், உயர்ந்த லெவலில் இருப்பவர்கள் தாழ்ந்த டன்ஜனுக்குள் வரும்போது அவர்களது லெவலும் அதற்கேற்பக் குறைக்கப்பட்டு, பின்னால் பெற்ற ஸ்கில்களும் பறிக்கப்படுகின்றன. ஆகவே அவர்கள் உங்களுக்காகப் பொறுத்துக்கொண்டு வரவில்லை. அவர்களுக்கும் அங்கே வேலை இருக்கிறது, நீங்கள் வந்ததால் பயனும் இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் 'முதல் முறை வருகிறேன்' என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். பெரும்பாலான அணிகள் உடனே வேகத்தைக் குறைத்து, பாஸுக்கு முன் இரண்டு சொல் விளக்கம் தருகின்றன.

மொழி ஒரு தடையாகத் தோன்றலாம். அரட்டையில் சில எழுத்துகளைத் தட்டி டேப் விசையை அழுத்தினால், வழக்கமான சொற்றொடர்களின் பட்டியல் வரும். அதிலிருந்து தேர்ந்து அனுப்பினால் ஜப்பானியருக்கு ஜப்பானிய மொழியிலும் ஜெர்மானியருக்கு ஜெர்மனிலும் அது தெரியும். ஜப்பான் சர்வர்களில் தொடக்கத்தில் 'யொரொஷிக்கு ஒனெகாய்ஷிமஸ்' என்றும் முடிவில் 'ஒட்சுகரெசமா தெஷிதா' என்றும் எழுதிப் பிரிவது மரபு. அதைப் பின்பற்றும் அந்நியரை அவர்கள் மிகுந்த மரியாதையோடு நடத்துகிறார்கள். ஆட்டம் முடிந்ததும் உடன் ஆடியவர்களில் ஒருவருக்குப் பாராட்டு அளிக்கும் வசதி உண்டு. அதைத் தவறாமல் பயன்படுத்துங்கள். யாரிடம் கேட்கலாம் என்று தெரியாதபோது, உங்களுக்கு இருக்கும் அதே வேலையில் நன்றாக ஆடிய அந்நியரிடம், 'அந்த இடத்தில் நீங்கள் ஏன் அங்கே நின்றீர்கள்?' என்று குறிப்பாகக் கேட்டுப் பாருங்கள். எப்படி நன்றாக ஆடுவது என்ற பொதுவான கேள்விக்கு எவராலும் பதில் சொல்ல இயலாது. குறிப்பான கேள்விக்குப் பலரும் ஆர்வத்தோடு நீளமாகப் பதில் சொல்வார்கள். எப்போதாவது கடுஞ்சொல் வீசுபவரும் வருவார். அவர் சொன்னதில் பொருள் இருந்தால் அதை மட்டும் எடுத்துக்கொண்டு, அரட்டையில் அவரைத் தடுத்துவிட்டு ஆட்டத்தைத் தொடரலாம்.

கவசம், ஆயுதம் பற்றி அதிகம் கவலைப்படவேண்டாம். உங்கள் வேலைக்குரிய முதன்மைப் பண்பு எது என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: ஈட்டிவீரருக்கு ஸ்ட்ரெங்த், வில்லாளிக்கு டெக்ஸ்டெரிட்டி, மந்திரவாதிக்கு இன்டெலிஜென்ஸ், ஹீலருக்கு மைண்ட். கையிருப்பில் உள்ளவற்றுள் சிறந்ததைத் தானே அணிவிக்கும் பொத்தானும் உண்டு. ஐந்து லெவலுக்கு ஒருமுறை ஆயுதம் மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டாலே கதைப்பகுதி முழுவதற்கும் போதும்.

நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். ஏதாவது ஒரு களத்துக்குத் தற்செயலாக அனுப்பிவைக்கும் டியூட்டி ரூலெட் தரும் அன்றாடக் கூடுதல் புள்ளிகள் உலகப் பொது நேரப்படி 15 மணிக்குப் புதுப்பிக்கப்படுகின்றன. நமக்கு அது இரவு 8:30. வேலை முடிந்து அமர்பவருக்கு இது மிக வசதியான நேரம். அதற்குச் சற்று முன் ஒன்று, பின் ஒன்று என ஒரே மாலையில் இரண்டு நாள் கூடுதலையும் பெற்றுவிடலாம். நகரங்களிலோ ஓய்விடங்களிலோ நின்று வெளியேறினால், ஆடாத நாள்களுக்கும் ஓய்வுப் புள்ளிகள் சேர்ந்து, அடுத்த முறை அனுபவப் புள்ளியை 50 விழுக்காடு கூட்டித் தருகின்றன. குறைவாக ஆடுபவருக்கென்றே வைக்கப்பட்டது போன்ற ஏற்பாடு இது. காட்டு நடுவில் வெளியேறும் பழக்கம் இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் அன்றாடப் பணிகளின் பட்டியல் முழுவதையும் முடித்தே தீரவேண்டும் என்று தொடங்கினால், கிடைக்கும் மாலைகள் எல்லாம் அதிலேயே கரைந்து, கற்றுக்கொள்ள ஒன்றும் மிஞ்சாது. ஒரு மாலைக்கு ஒரு கவனம் போதும்: இன்று அடி நிற்காமல் பார்த்துக்கொள்வேன், அடுத்த முறை ஒரு தரைக்குறியிலும் மாட்டமாட்டேன் என்று ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆட்டத்தில் மற்றவை சற்றுச் சறுக்கினாலும் பரவாயில்லை.

குறைவாக ஆடுபவர்களுக்கு மட்டுமே உரிய ஒரு சிக்கலும் உண்டு. வேலைப்பளுவாலோ தேர்வாலோ ஒரு மாதம் விட்டுவிட்டுத் திரும்பும்போது, திரையில் உள்ள பொத்தான்கள் அனைத்தும் அந்நியமாகத் தெரிகின்றன. நாற்பத்தைந்தாவது லெவலில் நிற்கும் கதாபாத்திரத்தைக் கைவிட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைத் தொடங்குபவர்கள் பலர். அது தேவையில்லை. ஹாட்பாரில், அதாவது திரையின் அடியிலுள்ள பொத்தான் வரிசையில், உள்ள எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ஸ்கில் பட்டியலைத் திறந்து, முதல் லெவலில் கிடைத்ததிலிருந்து ஒவ்வொன்றாகப் படித்து, படித்ததை மட்டும் திரும்ப வையுங்கள். பொம்மைமுன் சிறிது நேரம் அடித்துப் பாருங்கள். பிறகு பதினாறாவது லெவலின் டம்-டாரா, பதினேழாவதன் காப்பர்பெல் போன்ற பழைய டன்ஜன் ஒன்றுக்கு டியூட்டி சப்போர்ட் துணைவர்களோடு போனால், லெவல் குறைக்கப்படுவதால் கையில் ஐந்தாறு பொத்தான்களே இருக்கும். அவை கைக்குப் பழகியதும் இன்னும் பத்து லெவல் உயர்ந்த டன்ஜனுக்குப் போங்கள். புதிதாகச் சேர்பவை நாலைந்துதான். இப்படி இரண்டு மாலைகளில் பழைய இடத்துக்கு வந்துவிடலாம். முதல்முறை ஏறிவந்தபோது படிக்காமல் கடந்த ஸ்கில்கள் சில, இந்தச் சுற்றில் முதன்முறையாகப் புரிவதும் உண்டு. விட்டுவிட்டுத் திரும்பிய நண்பர்களுக்கு நான் முதலில் சொல்லும் வழி இதுதான்.